மரப்பட்டறை மெஷின்ல புதுசா கை வைக்கிறவங்களுக்கு: விரல் பத்தும் பத்திரமா இருக்க என்ன பண்ணணும், வெட்டுப்பட்டா என்ன பண்ணணும்

இதை ரெண்டு பேருக்காக எழுதுறேன். ஒன்னு, பட்டறையில புதுசா ஹெல்ப்பரா சேர்ற தம்பிங்க. இன்னொன்னு, யூட்யூப் பாத்துட்டு கொட்டகையில நாலு மெஷின் வாங்கிப்போட்டு சொந்தமா கட்டில், மேஜைன்னு செய்ய ஆரம்பிச்சிருக்கவங்க. கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி பக்கம் இந்த ரெண்டாவது கூட்டம் இப்ப நல்லாவே இருக்கு. 2018 நவம்பர்ல கஜா புயல்ல பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் சாஞ்ச தேக்கு, பலா எல்லாம் அறுத்து அடுக்குன பலகை இன்னும் சில வீட்டுல கெடக்கு, அதை ஏன் சும்மா விடணும்னு மெஷின் வாங்குறாங்க. நல்ல விஷயம்தான், வாங்கட்டும். ஆனா மெஷின் கூட வர்ற புக்கை யாரும் பிரிச்சுப் பாக்கறதில்ல, பிளேடை மூடியிருக்கற கார்டை மட்டும் மொத நாளே கழட்டி மூலையில போட்டுடறாங்க.

மொதல்ல ஒரு விஷயம் மனசுல ஏறணும். பிளேடு கூர்மையா இருக்கறதால மட்டும் கை போறதில்ல. மரம் திடீர்னு நகருது, வழுக்குது, எகிறுது, அதை அமுக்கிட்டு இருந்த கை புடிமானம் இல்லாம முன்னால போயி விழுது. அந்த எடத்துல பிளேடு இருக்கு, அவ்ளோதான். அதனால ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடியும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த மரம் இப்ப வழுக்குனா என் கை எங்க போகும்? பதில் பிளேடுன்னு வந்துச்சுன்னா கை வைக்கிற எடத்தை மாத்துங்க, இல்ல நிக்கிற எடத்தை மாத்துங்க. கீழ நான் சொல்றது எல்லாமே இந்த ஒரு கேள்விக்குள்ள அடங்கிடும்.

"பட்டா டக்குனு கையை எடுத்துடுவேன்"னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. 10 இஞ்ச் பிளேடு நிமிஷத்துக்கு 4000 சுத்து சுத்துனா பல்லோட வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். கையில புடிக்கிற மார்பிள் கட்டர் சின்னதுதானேன்னு நெனைக்காதீங்க, அது 12,000, 13,000 சுத்து, பல்லு வேகம் 250 கிலோமீட்டர் கிட்ட வந்துடும். நம்ம கை சுதாரிக்க கால் செகண்டு ஆகுதுன்னு வைங்க, அதுக்குள்ள 40 பல்லு பிளேடுல 600 பல்லுக்கு மேல ஒரே எடத்தைத் தாண்டிப் போயிருக்கும். அமெரிக்காவுல ஸ்டீவ் காஸ்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச சாஸ்டாப் மெஷின் இருக்கு, சதை பட்டதுமே அதை உணர்ந்து 5 மில்லிசெகண்டுக்குள்ள பிளேடை நிறுத்திடும். நம்ம ஊர்ல வெல்டிங் கடையில ஆங்கிள் அடிச்சு செஞ்ச மெஷின்ல அது எங்க இருக்கு, நம்ம பழக்கம்தான் நமக்கு பிரேக்கு.

உள்ள வர்றதுக்கு முன்னாடி

மோதிரம், கைச்செயின், வாட்ச் எல்லாம் கழட்டி வச்சிடுங்க. கோயில்ல கட்டுன கயிறு தொங்கலா இருந்தா ஒட்ட வெட்டிவிடுங்க, சாமி ஒன்னும் கோவிச்சுக்காது. கழுத்துல துண்டு வேணாம். கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வெறுங்கால்ல நின்னு வேலை பாக்கறது நம்ம வழக்கம்தான், ஆனா மெஷின் முன்னாடி பேண்டும் ஷூவும்தான் சரி, மரத்தூள்ல கால் வழுக்குனா கை எங்க போகும்னு மறுபடியும் அதே கேள்வி வரும். அப்பறம் கிளவுஸ். நெறைய பேரு பாதுகாப்புன்னு கிளவுஸ் மாட்டிக்கிட்டு ரம்பத்துல கை வைக்கிறாங்க, தப்பு. சுத்துற மெஷின் எதுலயும் கிளவுஸ் கூடாது. வெறும் விரல் பட்டா வெட்டோட போகும், கிளவுஸ் நூல் மாட்டுச்சுன்னா கையையே உள்ள இழுத்துடும். பிளேடு மாத்தும்போதும் சிராய் இருக்கற பலகை தூக்கும்போதும் போட்டுக்கங்க, அதோட கழட்டிடுங்க.

ஸ்விட்ச் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நம்ம பக்கம் கரண்ட்டு கதை எல்லாருக்கும் தெரியும். பல பட்டறையில மெஷினுக்கு ஒரு சாதா ஸ்விட்ச்சோ எம்சிபியோ (லோடு ஏறுனா டிரிப் ஆகற ஸ்விட்ச்) தான் இருக்கும். ஓடிட்டிருக்கும்போது கரண்ட்டு போகும், ஆஃப் பண்ண மறந்துட்டு டீக்குப் போயிடுவோம், இல்ல அந்த கேப்புல பிளேடுல மாட்டியிருக்கற மரத்துண்டை கையால நோண்டுவோம், திடீர்னு கரண்ட்டு வரும், மெஷின் தானா ஓட ஆரம்பிச்சிடும். இதுக்கு வழி சுலபம். நோ வோல்ட் காயில் (கரண்ட்டு போனா தானா ஆஃப் ஆக்கிடற காயில்) இருக்கற டிஓஎல் ஸ்டார்ட்டர் போடுங்க, நம்ம வயல் மோட்டாருக்குப் போடறது மாதிரிதான், கரண்ட்டு வந்தாலும் நீங்க பச்சை பட்டனை அமுக்குனாத்தான் ஓடும். ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிடாதீங்க, அது பம்புசெட்டுக்கு வசதி, ரம்பத்துக்கு எமன். சிவப்பு பட்டன் முழங்கால் தொடுற ஒசரத்துல இருந்தா இன்னும் நல்லது, ரெண்டு கையும் மரத்துல இருக்கும்போது காலாலயே நிறுத்தலாம்.

டேபிள் ரம்பம்

இதுலதான் நிறுத்தி நிதானமா படிக்கணும், மத்ததெல்லாம் அப்பறம்.

முதல்ல பிளேடு ஒசரம். முக்கா இஞ்ச் பலகை அறுக்க பிளேடை மூணு இஞ்ச் தூக்கி வச்சுக்கிட்டு அறுப்பாங்க. மரத்துக்கு மேல பல்லு கால் இஞ்ச் தெரிஞ்சா போதும். வழுக்கிப் போயி பட்டாலும் நகமும் கொஞ்சம் சதையும் போறதுக்கும் விரலே போறதுக்கும் வித்தியாசம் அந்த ஒசரத்துலதான் இருக்கு.

ரெண்டாவது, மரம் ஏன் எகிறுதுன்னு புரிஞ்சுக்கங்க. பிளேடோட முன்பக்கப் பல்லு கீழ பாத்து இறங்குது, மரத்தை மேஜையில அமுக்குது, அதுவரை சரி. பின்பக்கப் பல்லு கீழருந்து மேல ஏறுது. அறுத்த மரம் லேசா கோணி பின்பல்லு மேல பட்டுச்சுன்னா அது மரத்தைத் தூக்கி நம்ம மேலயே விட்டெறியும், கூடவே கையைப் பிளேடு பக்கம் இழுத்துட்டும் போகும். ஐப்பசி கார்த்திகையில ஈர மரம், சரியா காயாத வேம்பு, வாகை எல்லாம் அறுக்க அறுக்க வாய் மூடும், பிளேடைக் கவ்வும். இதுக்குத்தான் பிளேடுக்குப் பின்னாடி ஒட்டுனாப்புல ஒரு தகடு நிக்கணும், ரைவிங் நைஃப்னு சொல்வாங்க. கம்பெனி மெஷின்ல வரும், உள்ளூர்ல செஞ்சதுல இருக்காது. லேத் பட்டறையில செஞ்சுக்கலாம், ஆனா அளவு முக்கியம். தகடு பிளேடோட உடம்பை விட தடிப்பா இருக்கணும், பல்லோட அகலத்தை விட மெலிசா இருக்கணும். பல்லு 3 எம்எம், உடம்பு 2.2 எம்எம்னா தகடு 2.5 எம்எம். நேர் கோட்டுல நிக்கணும், கோணலா நின்னா அதுவே மரத்தை மாட்டிவிடும். தகடு வர்ற வரைக்கும், நீள மரம் அறுக்கும்போது ஒரு அடி போனதும் மெஷினை நிறுத்தி, பிளேடு நின்ன பிறகு அறுத்த வாயில ஒரு ஆப்பு சொருகிட்டு மறுபடி ஓட்டுங்க, பழைய ஆளுங்க செய்யறதுதான்.

மூணாவது, நிக்கிற எடம். பிளேடோட நேர் கோட்டுல நிக்காதீங்க, ஒரு பக்கமா ஒதுங்கி நில்லுங்க. எகிறுற ரீப்பர் (மெலிசா அறுத்த நீளக் கட்டை) வயித்துல குத்துனா அது வேற கதை.

நாலாவது, அந்தக் கடைசி அரை அடி. ஆபத்து பெரும்பாலும் இங்கதான். ஒரு ரீப்பர் அறுக்கறீங்கன்னு வைங்க, ஒன்னரை இஞ்ச் அகலம், கைடுக்கும் (மரத்தை ஒட்டித் தள்ற நேர் சட்டம்) பிளேடுக்கும் நடுவுல. மரம் நீளமா இருக்கற வரைக்கும் கை தூரத்துல இருக்கு, தைரியமா தள்றீங்க. மரம் தீர தீர கையும் கூடவே பிளேடு கிட்ட வருது, கட்டை விரல் மரத்தோட வாலுல, மத்த விரல் மேல, பிளேடுக்கும் சுண்டு விரலுக்கும் ஒரு இஞ்ச்சு கூட இல்ல, அப்ப ஒரு கணு வருது, மெஷின் திணறுது, நீங்க கொஞ்சம் அழுத்தித் தள்றீங்க, கணு விட்டுடுது, மரம் சர்ருனு முன்னால போகுது, அழுத்தத்துல இருந்த கையும் போகுது. அதனால கை பிளேடுலருந்து 6 இஞ்ச்சுக்குள்ள வரப்போகுதுன்னா தள்ளுகட்டை எடுக்கணும். வாங்க வேண்டாம், கழிவு பிளைவுட்ல ஒன்னரை அடி நீளத்துக்கு வெட்டி, முனையில மரத்தோட வாலைப் புடிக்கிற மாதிரி ஒரு பள்ளம் எடுத்தா போதும். அதை ஆணியில சுவத்துல மாட்டி வைக்காதீங்க, கைடு மேலயே வைங்க, எட்டி எடுக்கணும்னா எவனும் எடுக்க மாட்டான். பிளேடு கடிச்சா கட்டைதானே போச்சு, வேற செஞ்சுக்கலாம்.

அறுத்து விழுந்த துண்டைக் கையால எடுக்கறது, பிளேடு பின்னாடி கை நீட்டறது, ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டோம்னு தூளைக் கையால தள்ளறது, மூணும் கூடாது. ஆஃப் பண்ண பிறகும் பிளேடு கொஞ்ச நேரம் சுத்தும், சத்தம் அடங்கிடறதால நின்னுடுச்சுன்னு தோணும்.

ஹெல்ப்பர் தம்பிங்களுக்கு மட்டும் ஒன்னு: அந்தப் பக்கம் நின்னு பலகை வாங்கும்போது இழுக்காதீங்க. தாங்குங்க, அவ்ளோதான். தள்றவர்தான் ஓட்டறவர். நீங்க இழுத்தா அவர் கை பிளேடு மேல வரும், மரம் எகிறுனா உங்க கை பிளேடு மேல போகும். மேஸ்திரி "இழுடா"ன்னு கத்துனாலும் இழுக்காதீங்க, திட்டுனா திட்டட்டும்.

இழைப்பு மெஷின்

சர்ஃபேஸ் பிளானர் பாக்க சாது மாதிரி இருக்கும், பிளேடு வெளிய தெரியாது. ஆனா இதுல பட்ட காயம்தான் டாக்டருக்கே தலைவலி. ரம்பம் வெட்டுனா விரல் துண்டா விழலாம், சேர்த்துத் தைக்க ஒரு வாய்ப்பு இருக்கு. இது விரலைச் சீவிச் சீவித் தூளோட தூளா அனுப்பிடும், திருப்பி வைக்க ஒன்னும் இருக்காது. ஒரு அடிக்கும் குறைஞ்ச துண்டை இதுல விடவே விடாதீங்க, கை இழைப்புளி எதுக்கு இருக்கு. ஒரே தடவையில ஆழமா எடுக்காம ஒரு எம்எம் அளவுல எடுங்க. கத்திக்கு நேர் மேல கை போகக்கூடாது, முன் மேஜையில அமுக்குன கையைத் தூக்கி கத்தியைத் தாண்டி பின் மேஜையில வைக்கணும், மெலிசான பலகைன்னா பிடி வச்ச தள்ளுகட்டைதான். முக்கியமா, மரத்தோட பின் நுனியில விரலை மடக்கித் தொங்கவிட்டுத் தள்ளாதீங்க, மரம் கத்தியைத் தாண்டும்போது அந்த விரல்தான் மிச்சம் இருக்கும்.

கைக் கட்டரும் ஏஜி ஃபோரும்

மார்பிள் கட்டர்ல மரம் அறுக்கற பிளேடு மாட்டி ஓட்டறது நம்ம ஊரு பூரா நடக்குது. என் கருத்து, புதுசா வர்றவங்க அதைத் தொடாதீங்க, மரத்துக்குன்னே இருக்கற சர்க்குலர் ரம்பம் வாங்குங்க, அதுல அடி கார்டு தானா மூடிக்கும். இன்னும் மோசம் என்னன்னா யூட்யூப்ல பாத்துட்டு பிளைவுட் பலகையில ஓட்டை போட்டு கட்டரைத் தலைகீழா மாட்டி "500 ரூபாயில டேபிள் சா"ன்னு செய்யறது. கார்டு இல்ல, பின் தகடு இல்ல, பட்டனை லாக் பண்ணி விட்டிருப்பாங்க, நிறுத்தணும்னா குனிஞ்சு பிளேடுக்குக் கீழ கை விடணும். வேணாம்ங்க.

ஏஜி ஃபோர்ல, அதான் 4 இஞ்ச் கிரைண்டர்ல, பல்லு வச்ச மர பிளேடு மாட்டறதும் அதே ரகம். பல்லு மரத்துல மாட்டுன நொடியில மெஷினே கையை விட்டுத் துள்ளும், துள்ளுன மெஷின் எங்க விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. தேய்க்கற டிஸ்க் போட்டு வேலை பாருங்க, கார்டோட, பக்கவாட்டுப் பிடியோட, ரெண்டு கையால. எந்த பிளேடு வாங்குனாலும் அதுல அதிகபட்ச ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) அச்சடிச்சிருக்கும், அது மெஷினோட ஆர்பிஎம்மை விட அதிகமா இருக்கணும்.

ரவுட்டர் (மரத்துல பள்ளம், ஓரம் எடுக்கற மெஷின்), டிரில்லுக்கு ஒரே விதி: வேலைத் துண்டை கிளாம்ப் புடிக்கட்டும், உங்க கை மெஷினைப் புடிக்கட்டும். ஒரு கையில மரம் ஒரு கையில மெஷின்னு ரெண்டையும் பண்ணாதீங்க. பிட், பிளேடு எது மாத்துனாலும் பிளக்கைப் புடுங்கிட்டு மாத்துங்க.

பழைய வீடு இடிச்ச மரம் வாங்கறவங்க, நெலை, உத்தரம் எல்லாத்துலயும் ஆணி ஒடிஞ்சு உள்ளயே இருக்கும். கைக்கு அடக்கமா மெட்டல் டிடெக்டர் கம்மி விலையில கெடைக்குது, இல்லாட்டி காந்தத்தை வச்சாவது மெல்ல தடவிப் பாத்துட்டு அறுங்க. மொக்கை பிளேடு கூர் பிளேடை விட ஆபத்து, ஏன்னா அழுத்தித் தள்ள வைக்கும். ஆயுதபூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கிறோம்ல, அன்னைக்கே பெல்ட்டு, பேரிங், பிளேடு மூணையும் பாத்துடறது நல்ல பழக்கம், சில பட்டறையில மாலை மட்டும்தான் புதுசா இருக்கும்.

சாப்பிட்டுட்டு வந்த ஒடனே, தை மாசக் கல்யாண ஆர்டர்னு ராத்திரி பதினோரு மணிக்கு, போன் அடிச்சுக்கிட்டே இருக்கும்போது, ரம்பத்துல நிக்காதீங்க. குடிச்சிட்டு வந்தவனை கேட்டுக்கு உள்ளயே விடாதீங்க.

வெட்டுப்பட்டுடுச்சு, இப்ப என்ன

இதை ஒரு அட்டையில எழுதி சுவத்துல ஒட்டுங்க, ஏன்னா அந்த நேரத்துல யாருக்கும் ஒன்னும் ஓடாது.

மெஷினை நிறுத்துங்க. பட்டவரை கீழ உக்கார வைங்க, முடிஞ்சா படுக்க வைங்க, ரத்தத்தைப் பாத்து மயங்கி மெஷின் மேலயே விழுந்தவங்க உண்டு. சுத்தமான வேட்டித் துணியை மடிச்சு காயத்து மேல வச்சு நல்லா அழுத்துங்க, கையை நெஞ்சுக்கு மேல தூக்கிப் புடிங்க. பத்து நிமிஷம் எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. துணி நனைஞ்சா அது மேலயே இன்னொன்னு வைங்க. காப்பித்தூள், மஞ்சத்தூள், சுண்ணாம்பு, மரத்தூள், ஃபெவிகுவிக் எதையும் போடக்கூடாது, டாக்டர் அதை எல்லாம் சுரண்டி எடுத்துட்டுத்தான் தையல் போட முடியும். விரல்ல மோதிரம் இருந்தா வீங்கறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. மணிக்கட்டை கயிறு போட்டு இறுக்கிக் கட்டறதை பெரும்பாலும் தவிர்க்கணும், விரல் காயத்துக்கு அழுத்தமே போதும்.

விரல் துண்டாயிடுச்சுன்னா, பதட்டம் இல்லாத ஆள் ஒருத்தர் தூள்ல தேடி எடுக்கணும். எவ்வளவு சின்னதா இருந்தாலும் எடுங்க, தேறுமா தேறாதான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். சுத்தமான தண்ணியில லேசா அலசுங்க, தேய்க்காதீங்க. ஈரத் துணியில, பிழிஞ்ச ஈரம் போதும், சுத்தி ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு தண்ணி புகாத மாதிரி இறுக்கிக் கட்டுங்க. இன்னொரு கவர்ல பாதி ஐஸ் பாதி தண்ணி போட்டு அதுக்குள்ள இந்தக் கவரை வைங்க. விரல் நேரா ஐஸ்ல படவே கூடாது, ஐஸ் பட்ட சதை செத்துடும், அதுக்கப்பறம் யாராலயும் சேர்க்க முடியாது. ஐஸ் எங்க கெடைக்கும்னு இப்பவே தெரிஞ்சு வைங்க: மீன் கடை, ஜூஸ் கடை, பேக்கரி. கவர்ல வெட்டுப்பட்ட நேரத்தை எழுதுங்க. சரியா குளிர்ச்சியில இருந்தா விரல் பல மணி நேரம் தாங்கும், அதனால நாகப்பட்டினத்துலருந்தோ மாயவரத்துலருந்தோ தஞ்சாவூர், திருச்சி போற நேரம் ஒன்னும் கெட்டுப்போகாது. கெட்டுப்போறது எங்கன்னா, சின்ன கிளினிக்ல உக்காந்து, இன்னொரு ஆஸ்பத்திரி போயி, அங்கேருந்து வேற எடத்துக்கு அனுப்பி, இப்படி சுத்தறதுலதான்.

அதனால கெளம்பறதுக்கு முன்னாடியே போன் பண்ணி ஒரே கேள்வி கேளுங்க: விரல் சேர்க்கற பிளாஸ்டிக் சர்ஜன் இப்ப இருக்காரா? எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு நம்பரோட முன்னாடியே எழுதி அந்த அட்டையிலயே ஒட்டி வைங்க. சென்னையில ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில கைக்குன்னே தனித் துறை இருக்கு, கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியும் இதுக்குப் பேரு போனது, உள்ளூர் டாக்டர் முதலுதவி பண்ணி எங்க அனுப்பச் சொல்றாரோ அதைக் கேட்டுக்கங்க. 108க்கு அடிங்க, இல்ல கார்ல போங்க. பட்டவரை பைக்ல பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க. வழியில டீ, சோடா, பன்னு எதுவும் குடுக்காதீங்க, தண்ணியும் வேணாம், மயக்கமருந்து குடுக்கணும்னா வயிறு காலியா இருக்கணும்.

சின்ன வெட்டுன்னு ஏமாறாதீங்க. ரத்தம் நின்ன பிறகு ஒவ்வொரு விரலையும் மெல்ல மடக்கி நீட்டச் சொல்லுங்க, நுனியோட ரெண்டு பக்கமும் தொட்டுப் பாருங்க. ஒரு மூட்டு மடங்கலைன்னா தசைநாண் அறுந்திருக்கு, ஒரு பக்கம் மரத்திருந்தா நரம்பு அறுந்திருக்கு. மேல தோலை மட்டும் மூணு தையல் போட்டு அனுப்பிட்டாங்கன்னா விரல் இருக்கும், வேலை செய்யாது. தசைநாணை முதல் ஒன்னு ரெண்டு வாரத்துக்குள்ள சேர்க்கறதுதான் நல்லது, தள்ளிப்போட்டா சுருங்கிடும். நெயில் கன் ஆணி விரல்ல ஏறிடுச்சுன்னா புடுங்காதீங்க, அப்படியே போங்க, எக்ஸ்ரே எடுத்துட்டு அவங்க எடுப்பாங்க. டிடி ஊசி கடைசியா எப்ப போட்டதுன்னு கேப்பாங்க, அழுக்குக் காயத்துக்கு 5 வருஷம் தாண்டியிருந்தா மறுபடி போடுவாங்க. சுகர் இருந்தா மறைக்காம சொல்லிடுங்க.

விரல் சேர்த்தவங்க பீடி, சிகரெட் தொடவே கூடாது, பக்கத்துல யாரும் புடிக்கவும் கூடாது, புகை சின்ன ரத்தக்குழாயை சுருக்கிடும், சேர்த்த விரல் கறுத்துடும். கட்டு பிரிச்ச பிறகு பிசியோதெரபிக்குப் போறதை நிறுத்திடாதீங்க. வலிக்குதுன்னு விட்டவங்க விரல் இறுகிப்போயி உளி கூட புடிக்க முடியாம நிக்கிறதைப் பாக்கறோம்.

காசு விஷயம்

1923ல போட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல (2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துடுச்சு) விரலுக்கு விரல் ஒரு அட்டவணை இருந்துச்சு: கட்டை விரல் போனா சம்பாதிக்கற சக்தியில 30 சதவீதம் இழப்பு, ஆள்காட்டி விரல் முழுசா போனா 14, நடுவிரல் 12, மோதிர விரல், சுண்டு விரல் தலா 7. சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்கற பட்டறை ஓனருங்க ஒரு தடவை இதைப் படிச்சுப் பாக்கறது நல்லது, கார்டு கழட்டுன மெஷின் எவ்வளவு செலவு வைக்கும்னு புரியும். தச்சு வேலை பாக்கறவங்க கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சுக்கலாம், விபத்துக்கு உதவித்தொகை உண்டு, ஆனா காயம் பட்டதுக்கு முன்னாடியே பதிஞ்சிருக்கணும், வாரிய அட்டை ரினியூ ஆகியிருக்கணும். அரசு ஆஸ்பத்திரியில சேரும்போது பட்டறையில மெஷின்ல வெட்டுப்பட்டதுன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, போலீஸ் வரும்னு பயந்து வீட்டுல அருவா பட்டுச்சுன்னு சொல்லிடாதீங்க. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல அப்படி எழுதிட்டாங்கன்னா அப்பறம் வாரியத்துலயோ ஓனர்கிட்டயோ கேக்கறதுக்குக் கையில காகிதம் இருக்காது. அந்த ஏஆர் காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில்லு எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு வைங்க, ஒவ்வொன்னையும் போன்லயும் போட்டோ எடுத்துக்கங்க.